பழைய வால்வு கிடார் ஆம்ப் வாங்கி மீண்டும் பாடவைப்பது எப்படி: ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பை வைத்து முழு வழிகாட்டி

முதலில் ஆபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் இருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடி வால்வுகளை வைத்துக் கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அதன் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி (நேர்மின்சாரம்) இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில நேரம் மணிக்கணக்கில். தொட்டால் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் அது. அதை எப்படி வடிப்பது என்று கீழே சொல்கிறேன். அந்தப் பகுதியைப் படித்து முடிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம். படித்த பிறகும் தயக்கமாக இருந்தால் வாங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்வேலையை ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆம்ப் என்று பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயனில்லை, அதனால் நான் கை வைத்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: 1972ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். முன்பலகை வெள்ளி நிறத்தில் இருப்பதால் சில்வர்ஃபேஸ் என்பார்கள். நான் இருக்கும் ஒஹையோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், கராஜின் மூலையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தது.

ஏன் இந்த மாடல்? லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவர் கம்பெனி செய்த ஆம்புகளைத் திறந்தால் அது தெரியும். பழுதுபார்க்க வருகிறவன் கைக்கு எட்டும்படி எல்லாம் ஒரே அட்டையில் வரிசையாக, ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். நம்மூரில் வால்வு ரேடியோ திறந்து பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது, 1967 கடைசியில் இருந்து கருப்பு முகம் போய் வெள்ளி முகம் வந்தது. அந்தக் காலத்தில் ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்புகளின் சர்க்யூட்டில் நிறையக் கை வைத்தார்கள், டீலக்ஸ் ரிவெர்பை மட்டும் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். ஏபி763 என்ற கருப்பு முக சர்க்யூட்டுக்கு மிக நெருக்கமாகவே வெள்ளி முகமும் இருக்கும். விலையோ கருப்பு முகத்தைவிடக் குறைவு. ஒரே ஒரு பழைய ஆம்ப் வாங்க வேண்டும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கப் போகும் முன்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது "கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?" என்பதுதான். போன வாரம் வாசித்தேன் என்றால் ஒரு கணக்கு, இருபது வருடமாக மாடியில் கிடக்கிறது என்றால் வேறு கணக்கு. கிடந்த ஆம்பை "சும்மா போட்டுப் பார்ப்போமே" என்று அவர் ஆன் செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். காய்ந்துபோன கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி, ஈடு கிடைக்காத பவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஓடாத ஆம்ப் என்ற விலைக்குப் பேசுங்கள், வீட்டுக்கு வந்து முறைப்படி எழுப்பிக்கொள்ளலாம்.

"முழுசா சர்வீஸ் பண்ணியது" என்று சொன்னால் என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் எதுவும் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு, விலையோடு இன்னொரு 300, 400 டாலரை மனதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட எடுத்துப் போக: ஒரு கிடார், ஒரு கேபிள், டார்ச் லைட், மல்டிமீட்டர். பின்பக்கம் பாதி திறந்த பெட்டி என்பதால் டார்ச் அடித்தாலே நிறையத் தெரியும்.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். டிரான்ஸ்ஃபார்மர்கள் மேல் 606 என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும். 606 என்பது செய்த கம்பெனியின் எண், அடுத்த ஒற்றை இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் எத்தனையாவது வாரம் என்பது. 606-2-14 என்றால் 2இல் முடியும் வருடத்தின் 14ஆவது வாரம். 1962ஆ 1972ஆ என்ற குழப்பம் வராது, வெள்ளி முகம் 62இல் கிடையவே கிடையாது. ஸ்பீக்கரிலும் இப்படித்தான்: 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட், 220 என்றால் ஜென்சன், அதன்பின் வருடமும் வாரமும். உள்ளே உள்ள வால்யூம் கண்ட்ரோல்களில் 137 என்றிருந்தால் சிடிஎஸ். ஆனால் கண்ட்ரோலை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள், மொத்தமாக வாங்கிக் குவித்ததை வருடக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். மூன்று நான்கு எண்கள் ஒரே சமயத்தைக் காட்டினால் நம்பலாம்.

எந்தக் குறை இருந்தால் விலகி வரலாம்? என் அனுபவத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றப்பட்டது, சேஸியில் (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தில்) புதிதாகத் துளை போட்டது, இந்த இரண்டும்தான். மாற்று ஸ்பீக்கர் இருந்தால் பிரச்சினை இல்லை, 50 வருடத்தில் ஸ்பீக்கர் கிழிவது சகஜம். வால்வு புதிதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் அதற்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். ரிவெர்ப் (எதிரொலி மாதிரி ஒலி தரும் பகுதி) வேலை செய்யவில்லை என்றால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு விலையைக் குறையுங்கள், பெரும்பாலும் அது சின்ன வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப் என்றால் அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். சூடேறிய பிறகுதான் கொரகொரப்பு வரும், சத்தம் இறங்கும், பவர் வால்வின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கத் தொடங்கும். தகடு சிவந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். கண்ணாடியின் உட்சுவரில் மெல்லிய நீல ஒளி தெரிந்தால் பயம் வேண்டாம், அது நல்ல வால்வு. கண்ணாடியில் வெள்ளி பூசிய இடம் பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

வேறு ஊரிலிருந்து அனுப்பச் சொல்கிறீர்கள் என்றால், வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு அட்டைப்பெட்டி போடச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் முன்பு அனுப்பிய வேறொரு ஆம்ப், ஒற்றைப் பெட்டியில், வால்வோடு வந்தது. திறந்தபோது உள்ளே கண்ணாடித் தூள், அதில் ஒரு துண்டு ஸ்பீக்கர் கோனைக் கிழித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும்

ப்ளக்கில் செருகக் கூடாது. முதலில் படம் எடுங்கள். பின்பக்கம், வால்வுகள் எந்த இடத்தில் எது, பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வால்வு வரிசைத் தாள், எல்லாம். டீலக்ஸ் ரிவெர்பில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வான 6வி6 இரண்டு, 12ஏஎக்ஸ்7 நான்கு, 12ஏடி7 இரண்டு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது. ரெக்டிஃபையர் ஜிஇசட்34ஆ 5யூ4ஜிபியா என்பதைத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், யாரோ போட்டிருப்பதைப் பார்த்து வேண்டாம். மூன்றாவது குழியில் இருக்க வேண்டிய 12ஏடி7 இடத்தில் 12ஏஎக்ஸ்7ஐச் செருகிவிட்டு "ரிவெர்ப் சரியில்லை" என்று விற்றவர்கள் உண்டு.

அப்புறம் சேஸியைக் கழற்ற வேண்டும். அது பெட்டியின் மேல்பலகையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் வயரையும் ரிவெர்ப் வயர்கள் இரண்டையும் கழற்றி, எது எதில் இருந்தது என்று டேப்பில் எழுதி ஒட்டி, வால்வுகளை எடுத்து வைத்துவிட்டு, மேலே இருக்கும் திருகுகளைக் கழற்றும்போது ஒரு கையால் சேஸியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து நல்ல கனம்.

மின்சாரத்தை வடிப்பது

ப்ளக் சுவரில் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்சை (வாசிக்காதபோது உயர் வோல்ட்டேஜை மட்டும் நிறுத்தி வைப்பது) வாசிக்கும் பக்கம் வையுங்கள், அப்போதுதான் எல்லா கெப்பாசிட்டரும் ஒரே பாதையில் சேரும். இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயரை எடுத்து, ஒரு கிளிப்பை முதலில் சேஸியில் மாட்டுங்கள். இன்னொரு கிளிப்பை முதல் 12ஏஎக்ஸ்7 வால்வு சாக்கெட்டின் 1ஆம் எண் காலில் மாட்டுங்கள். அந்தக் காலுக்கு முன்னால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருப்பதால் தீப்பொறி இல்லாமல் மெதுவாக வடியும். இதைச் செய்யும்போது இடதுகையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சொல்லித்தந்த பழக்கம் இது, இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

ஒரு நிமிடம் விடுங்கள். அதோடு நம்பிவிடாதீர்கள். மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரிலும் தனித்தனியாக அளவெடுங்கள், ஏனென்றால் நடுவில் ஒரு ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால் அதற்கு அந்தப்பக்கம் இருக்கும் கெப்பாசிட்டர் வடிந்திருக்காது. எல்லாம் பத்து வோல்ட்டுக்குக் கீழ் வந்த பிறகுதான் கை. வேலை முடியும்வரை அந்தக் கிளிப் அங்கேயே இருக்கட்டும், மறுபடி ஆன் செய்யும் முன் மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

எதை மாற்றுவது, எதை விடுவது

இந்த இடத்தில்தான் நிறைய நல்ல ஆம்புகள் கெட்டுப்போகின்றன. புது ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது போட்டுவிடுவார்கள். என் முதல் ஆம்பில் நானும் அதைச் செய்தேன், நீல நிறத்தில் இருந்த சிக்னல் கெப்பாசிட்டர்கள் அத்தனையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். ஆம்ப் சத்தமில்லாமல் சுத்தமாக ஓடியது, ஆனால் எந்தக் குரலுக்காக அதை வாங்கினேனோ அது மாறிப்போயிருந்தது. திரும்பப் போட அந்தப் பழைய பாகங்களும் இல்லை. அன்றைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கம்: காலத்தால் காய்கிற பாகத்தைத் தயங்காமல் மாற்று, மற்றதை அளந்து பார், அளவில் தவறாதவரை தொடாதே, கழற்றிய எதையும் எறியாதே.

காய்கிற பாகம் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். பெரியவை ஐந்தும் சேஸியின் வெளிப்பக்கம் ஒரு தகர மூடிக்குள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். முனையில் உப்பின மாதிரி இருந்தாலும் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் காலாவதி. பார்க்க நன்றாக இருந்தாலும் 50 வயதானதை மாற்றிவிடுங்கள், இதில் பேச்சே வேண்டாம். 475 அல்லது 500 வோல்ட் தாங்கும் 16 அல்லது 22 மைக்ரோஃபாரட் போடுங்கள். பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று 100 போடக்கூடாது. ரெக்டிஃபையர் வால்வு ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அந்தக் கெப்பாசிட்டரை நிரப்ப வேண்டும், அது தாங்கும் அளவு இவ்வளவு என்று இருக்கிறது. ப்ளஸ் மைனஸ் திசையை மாற்றிப் போட்டால் வெடிக்கும். பழையதை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஐந்தையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டு முழிக்க வேண்டாம். எர்த் வயர் சேஸியோடு நேரடியாகப் பற்றவைத்திருக்கும் இடத்துக்குச் சாதாரண சால்டரிங் அயன் போதாது, சேஸி முழுக்க சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், 100 வாட் வேண்டும்.

அடுத்து, பயஸ் கெப்பாசிட்டர். சின்னது, விலையும் அற்பம், ஆனால் இந்த ஆம்பிலேயே முக்கியமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 25 மைக்ரோஃபாரட் 50 வோல்ட். இது செத்தால் பவர் வால்வுகளைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்ட்டேஜ், அதாவது பயஸ், போய்விடும், வால்வு சிவக்கும், ஸ்பீக்கருக்கு அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். இங்கே எல்லோரும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது: இது மைனஸ் வோல்ட்டேஜ் என்பதால் கெப்பாசிட்டரின் ப்ளஸ் கால்தான் எர்த்துக்குப் போக வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் எதிர்த்திசை. 100 வோல்ட் தாங்குவதாகப் போட்டுவிடுங்கள்.

அட்டையில் ஆங்காங்கே இருக்கும் 25 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர்களையும் அப்படியே மாற்றலாம். மாற்றியதும் அடித்தொண்டைக் குரல் திரும்பி வருவது காதுக்கே தெரியும்.

ரெசிஸ்டர்களை அளக்க ஒரு எளிய வழி. சர்க்யூட்டில் இருந்து கழற்றாமலே அளந்தால் பக்கத்துப் பாதைகளால் அளவு குறைவாகக் காட்டலாம், அதிகமாகக் காட்டவே முடியாது, மின்சாரம் முழுக்க வடிந்திருந்தால். ஆகவே எழுதியிருப்பதைவிட அதிகம் காட்டினால் அந்த ரெசிஸ்டரின் அளவு நிஜமாகவே நகர்ந்துவிட்டது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் நகரும். 20 சதவீதம் தாண்டினால் மாற்றுங்கள். பவர் வால்வு சாக்கெட்டில் இருக்கும் 470 ஓம் ஸ்க்ரீன் ரெசிஸ்டர் இரண்டையும், பைலட் விளக்குப் பக்கத்து 100 ஓம் இரண்டையும் தவறாமல் பாருங்கள். எப்போதோ ஒரு 6வி6 ஷார்ட் ஆகியிருந்தால் இவைதான் கருகியிருக்கும்.

கார்டும், அந்த ஆபத்தான கெப்பாசிட்டரும்

பழைய கருப்பு முக ஆம்புகளில் இரண்டு கம்பி பவர் கார்டு, எர்த் கிடையாது. வெள்ளி முகத்தில் பெரும்பாலும் மூன்று கம்பி வந்துவிட்டது. ஆனாலும் பின்னால் கிரவுண்ட் சுவிட்ச் என்று ஒன்றும், அதிலிருந்து சேஸிக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கும். மின்கம்பியின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கிறது அது. ஷார்ட் ஆனால் சேஸி முழுக்க லைன், அங்கிருந்து கிடார் கம்பி, அங்கிருந்து உங்கள் கை, உதடு மைக்கில் பட்டால் கேட்கவே வேண்டாம். அமெரிக்க டெக்னீஷியன்கள் அதற்கு மரணக் கெப்பாசிட்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்டி எடுத்துவிடுங்கள், சத்தத்தில் எந்த வித்தியாசமும் வராது. பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று இதை விட்டுவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

கார்டு மாற்றுவதானால், அமெரிக்க நிறக்கணக்கில் பச்சை சேஸிக்கு, அதற்கென்று தனி போல்ட், டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் மாட்டக் கூடாது. கருப்பு, அதாவது லைன், ஃப்யூஸின் நுனிக்காலுக்கு, அங்கிருந்து சுவிட்ச், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். வெள்ளை நேராக டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு. ஃப்யூஸ் 2 ஆம்பியர், மெதுவாகப் போகும் வகை. ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரியது போட்டுச் சமாளிக்காதீர்கள், உள்ளே ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

எழுப்புவது

இதற்கு நான் வைத்திருப்பது ஒரு பல்பு ஹோல்டர். பழைய குண்டு பல்பு, 75 அல்லது 100 வாட், ஆம்புக்கு வரும் லைனில் தொடராக இணைத்தது. எல்இடி பல்பு உதவாது. ஆம்பில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்சாரத்தைப் பல்பே வாங்கிக்கொள்ளும், ஆம்ப் பிழைக்கும். நல்ல ஆம்ப் என்றால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும்.

முதலில் ஒரு வால்வும் இல்லாமல், பல்பு வழியாக. மங்கினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் நலம். அடுத்து ரெக்டிஃபையர் வால்வு மட்டும். அதற்கடுத்து சின்ன வால்வுகள், கடைசியில் 6வி6 இரண்டும், ஸ்பீக்கர் மாட்டிய பிறகு. ஸ்பீக்கர் இல்லாமல் பவர் வால்வோடு ஒருபோதும் ஓட்டக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கரையும் முன்பே அளந்துகொள்ளுங்கள், 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 ஓம் சொச்சம் காட்டும். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள், உள்ளே உரசும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் தேய்கிறது. சின்னக் கிழிசலை மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டிவிடலாம்.

எல்லாம் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாக. அப்போது முதலில் மீட்டர் வைக்க வேண்டியது 6வி6 சாக்கெட்டின் 5ஆம் எண் காலில். மைனஸ் 35 வோல்ட் பக்கம் ஏதாவது இருக்க வேண்டும், இரண்டு சாக்கெட்டிலும் ஒரே அளவு. ஒன்றில் மட்டும் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் குறைந்திருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் சிக்னல் கெப்பாசிட்டர் கசிகிறது. இந்த மாதிரிக் கசிவதை மட்டும் மாற்றுங்கள், மற்ற நீலக் கெப்பாசிட்டர்களை அப்படியே விடுங்கள்.

பயஸ் வைப்பது

6வி6 வால்வின் தாளில் தகட்டு வோல்ட்டேஜ் 350க்கு மேல் போகக் கூடாது என்றிருக்கும், ஃபெண்டர் 400க்கு மேல் கொடுத்தது. அந்தக் காலத்து அமெரிக்க வால்வுகள் தாங்கின. இன்று வாங்கும்போது இந்த ஆம்பில் தாங்கும் என்று பேர் எடுத்ததை வாங்குங்கள், நான் ஸ்லோவாக்கியாவில் செய்யப்படும் ஜேஜே போட்டிருக்கிறேன், மூன்று வருடமாகப் பிரச்சினை இல்லை.

கணக்கு இதுதான். 6வி6 தாங்கும் சக்தி 12 வாட், அதில் 70 சதவீதம் 8.4 வாட். 3ஆம் எண் காலில் தகட்டு வோல்ட்டேஜை அளங்கள். 420 என்று வந்தால் 8.4 வகுத்தல் 420, அதாவது 20 மில்லியாம்பியர். அதை அளப்பதற்கு, 8ஆம் எண் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 1 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால் போதும், அதன் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட் வருகிறதோ அத்தனை மில்லியாம்பியர். உள்ளே இருக்கும் பயஸ் கண்ட்ரோலைத் திருகி 20க்குக் கொண்டுவாருங்கள். திருகினால் தகட்டு வோல்ட்டேஜும் மாறும், ஆகவே மறுபடி அளந்து மறுபடி கணக்குப் போட வேண்டும், இரண்டு மூன்று சுற்றில் நிலைக்கு வரும்.

சத்தங்களைத் துரத்துவது

இப்போது ஆம்ப் பாடும், கூடவே வேண்டாத சத்தமும் வரும். அடித்தளத்தில் ஆழமான ஹம் என்றால் 60 ஹெர்ட்ஸ், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயரையும் அந்த 100 ஓம் ரெசிஸ்டர்களையும் பாருங்கள். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு வந்தால் 120, அது பெரிய கெப்பாசிட்டர் வழி. இந்தியாவில் ஓட்டினால் 50, 100.

பட் பட்டென்று வறுக்கிற சத்தத்துக்கு ஒரு மரக்குச்சி வேண்டும். நான் சீன உணவகத்துச் சாப்பாட்டுக் குச்சி வைத்திருக்கிறேன். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கை பாக்கெட்டில், குச்சி நுனியால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். என் ஆம்பில் ரிவெர்ப் பக்கத்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் ஸ்பீக்கரில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடித்தது. அதை மாற்றியும் மெலிதாக ஒரு சத்தம் தங்கியிருந்தது, சூடேறினால் கூடும், எந்தப் பாகத்தைத் தட்டினாலும் மாறாது. இரண்டு ராத்திரி தேடினேன். கடைசியில் மீட்டரின் ஒரு முனையைச் சேஸியில் வைத்து, மறுமுனையை எந்தப் பாகமும் இல்லாத வெறும் அட்டையில் வைத்தேன். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 9 வோல்ட்! ஃபெண்டரின் கருப்பு ஃபைபர் அட்டை ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் மின்சாரம் கசியும். அந்தக் கராஜின் ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, அட்டையில் பூசிய மெழுகு உருகாத தூரத்தில், கால்மணி நேரமாகப் பல முறை காட்டினேன், ஒரு வாரத்தில் அரை வோல்ட்டுக்கு வந்தது, சத்தமும் போயிற்று. இதற்காக அட்டையையே மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாமல் முதலில் காயவைத்துப் பாருங்கள்.

திருகும்போது வரும் கொரகொரப்பு கண்ட்ரோலில் தூசி. டிஆக்ஸிட் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து இருபது தடவை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருகினால் போய்விடும். வால்வு சாக்கெட்டுகளும் அதே மருந்து, பிடி தளர்ந்திருந்தால் ஊசியால் கால்களை லேசாக நெருக்கிவிடுங்கள்.

ரிவெர்ப் வரவில்லை என்றால்: பெட்டியின் அடியில் பையில் கிடக்கும் ஸ்ப்ரிங் தகரப்பெட்டியின், அதாவது ரிவெர்ப் டேங்கின், இரண்டு முனையையும் அளங்கள். உள்ளே போகும் பக்கம் ஒரு ஓம் போல, வெளியே வரும் பக்கம் 200 ஓம் போல இருந்தால் நலம். ஒன்று திறந்திருந்தால் முடிபோன்ற கம்பி அறுந்திருக்கிறது, 4ஏபி3சி1பி வகைப் புதிய டேங்க் அப்படியே பொருந்தும். இரண்டும் நலம் என்றால் வயர் ப்ளக்குகளைப் பாருங்கள். வைப்ராட்டோ என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமலோ, சத்தம் ஏறி இறங்கும், சுருதி மாறாது. கால் சுவிட்ச் மாட்டாவிட்டால் அது வேலையே செய்யாது என்பது தெரியாமல் சர்க்யூட்டைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

இந்தியாவுக்கு எடுத்துப் போவதானால்

இது 117 வோல்ட்டுக்குச் செய்தது. 230க்கு நேராகச் செருகினால் அந்த நொடியே முடிந்துவிடும். குறைந்தது 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், எர்த் தொடர்ச்சி உள்ளதாக வாங்குங்கள். அமெரிக்க உள்ளூர் விற்பனைக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்கானது, 50இல் கூடுதலாகச் சூடாகும், ஆகவே ஸ்டெப்-டவுனின் வெளியீடு 120க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் சில நாள் ஒரு மணிக்கு ஒருமுறை கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். ரெசிஸ்டர், ஃப்யூஸ், கார்டு எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். வால்வும், இரண்டு முனையிலும் கால் உள்ள 500 வோல்ட் கெப்பாசிட்டரும் வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பெட்டி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருப்பு ரெக்சினை மிதமான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் வைத்துத் தேய்த்து, ஈரம் உள்ளே போகாமல் துடைத்துவிடுங்கள். முன்துணியைக் கழுவ ஆசைப்பட வேண்டாம், வாக்குவம் வைத்து உறிஞ்சினால் போதும். உரிந்த ஓரங்களைப் பசை வைத்து ஒட்டுங்கள். சிகரெட் வாசனை போக வெயிலில் நாலு நாள், நேரடி வெயில் ஸ்பீக்கரில் படாமல்.

எல்லாம் மூடும் முன் இரண்டு வேலை பாக்கி. புது வால்வு இருபது மணி நேரம் ஓடியபின் பயஸ் நகரும், மறுபடி அளந்து வையுங்கள். அப்புறம் ஒரு தாளில் தேதி, தகட்டு வோல்ட்டேஜ், பயஸ் அளவு, மாற்றிய பாகங்கள் எல்லாம் எழுதி, பழைய வால்வு வரிசைத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், அதன் மேலே வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரிவெர்ப் டேங்குக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து இதைத் திறக்கப்போகிறவருக்கு அந்தப் பைதான் முதலில் தேவைப்படும்.